கீழக்கரை பக்கம் 40 சென்ட் பூங்கா இடம்: உப்புக் காற்று, உவர் தண்ணீர். எதை நடலாம், எப்படி நடலாம்?

லேஅவுட்_கீழக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத் தெற்கே ஒரு லேஅவுட். அதுல பொது இடமா எழுதிக்கொடுத்த 40 சென்ட்டைப் பூங்கா ஆக்கணும். அளவு இல்லாம யாராலயும் சரியா பதில் சொல்ல முடியாது, அதனால விவரம் முழுசா போடுறேன்.

கடல் தெற்கே 700 மீட்டர். இடம் கிழக்கு மேற்கா 54 மீட்டர், தெற்கு வடக்கா 30 மீட்டர். மேல ரெண்டு அடிக்கு வெளிர் மணல், அதுக்குக் கீழ சிப்பி கலந்த கெட்டி மண். ஒன்பது பத்து அடியில தண்ணி. வடகிழக்கு மூலை தாழ்வு. ஐப்பசி மழைக்கு அங்க ஒரு வாரம் தண்ணி நிக்கும், காய்ஞ்சதும் வெள்ளையா உப்புப் பூக்கும். முக்கால்வாசி இடம் காட்டுக்கருவை (சீமைக்கருவேலம்). போர் 60 அடி, கை மீட்டர்ல டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு) 2,900 காட்டுது. லேஅவுட் தார் ரோடு 9 மீட்டர் அகலம், ஏறக்குறைய 200 மீட்டர் நீளத்துக்கு இந்த இடத்தைப் பார்த்துச் சரியுது.

போன ஆடியில வேம்பு, புங்கை, நாவல், மகிழம், குல்மோகர்னு 60 கன்னு வச்சதுல இப்ப 9 நிக்குது, எல்லாமே வேம்பும் புங்கையும்தான்.

எந்த மரம் வைக்கணும்? மியாவாக்கி முறை (கன்னை நெருக்கி நட்டுக் குறுங்காடு ஆக்குறது) இங்க சரிவருமா? காட்டுக்கருவையை ஜேசிபி வச்சு ஒரே நாள்ல வழிச்சுடலாமா? தண்ணிக்கு என்ன வழி?

நாற்றங்கால் எழுதியது:

செத்த கன்னு எதனால செத்ததுன்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. நிக்கிற ஒன்பதுல இருந்து ஒரு இலையைக் கிள்ளிக் கையில வையுங்க. நுனியில ஆரம்பிச்சு ரெண்டு ஓரத்துலயும் பழுப்பு இறங்கி, நடு நரம்பை ஒட்டின இடம் மட்டும் பச்சையா நின்னு, பழுப்பைத் தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்கினா அது உப்பு. தென்மேற்குப் பக்க இலை மட்டும் அப்படி இருந்தா காத்துல வந்த உப்பு. செடி சுத்திலும் அடி இலை முதல்ல கருகி மேல ஏறினா வேர் வழியா ஏறின உப்பு. இளந்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடா தெரிஞ்சா உப்பே இல்ல. சிப்பி மண்ணுல இரும்புச்சத்து கட்டுப்பட்டுக் கிடக்குற குறை. அதுக்கு மண்ணுல மருந்து போட்டா அதுவும் கட்டுப்பட்டுடும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சாயங்காலம் இலையில தெளிக்கணும், பத்து நாள் இடைவெளியில மூணு தடவை.

அடுத்தது பட்டம். "ஆடிப்பட்டம் தேடி விதை" உள்நாட்டு மானாவாரி விதைப்புக்குச் சொன்னது. நம்ம கடலோரத்துல ஆடி கச்சான் காத்து மாசம். வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் தென்மேற்குல இருந்து மணலையும் உப்பையும் அள்ளி வீசும், மேல வெயில், கீழ ஈரம் கிடையாது. புது வேர் பிடிக்காத கன்னை அப்ப வச்சா வேர் குடிக்கிறதை விட இலை அதிகமா இழக்கும். புரட்டாசி கடைசியில முதல் மழை ஒரு அடி ஆழம் இறங்கினதும் நட ஆரம்பிச்சு ஐப்பசி பாதிக்குள்ள முடிச்சுடணும். அப்பதான் அடுத்த கச்சான் வர்றதுக்குள்ள ஏழு மாசம் வேருக்குக் கிடைக்கும்.

காத்தை அடக்காம உள்ள எதை வச்சாலும் நிக்காது. மேற்கு, தெற்கு ரெண்டு ஓரத்துலயும் மூணு வரிசை வேணும். வெளி வரிசை சங்கங்குப்பி, ஒரு மீட்டருக்கு ஒண்ணு. உப்புச் சாரல் தாங்கும், ஆடு தொடாது. இடையிடையே நொச்சி சேர்க்கலாம், அதையும் ஆடு கடிக்காது. ரெண்டாவது வரிசை பூவரசம் போத்து (வெட்டி நடுற கொம்பு), ரெண்டு மீட்டருக்கு ஒண்ணு. மூணாவது புன்னையும் வேம்பும் மாத்தி மாத்தி, நாலு மீட்டருக்கு ஒண்ணு. உயரம் வெளியில இருந்து உள்ள படிப்படியா ஏறணும். அப்ப காத்து சரிவுல ஏறி மேலே போயிடும்.

இதையே செங்கல் மதிலா கட்டினா வேலைக்கு ஆகாது. மதில்ல மோதின காத்து மேல ஏறி, பின்னாடி சுழன்று விழுந்து, உப்பை அங்கேயே கொட்டும். பாதி காத்து ஊடுருவிப் போற வேலிதான் நல்லது. அதன் உயரத்தைப் போல சுமார் பத்து மடங்கு தூரத்துக்கு வேகம் குறையும். முதல் ரெண்டு வருசத்துக்குப் பனைமட்டை வேலி போதும். அஞ்சடி உயரம், ஒரு மட்டை நட்டா அடுத்த மட்டைக்கு ஒரு மட்டை அகலம் இடைவெளி. சவுக்குக் கம்பு ஆறடிக்கு ஒண்ணு ஊன்றி ரெண்டு வரி கயிறு கட்டிட்டா கச்சானுக்கு நிக்கும். நெருக்கிக் கட்டினா காத்து வேலியோட சாய்ச்சுடும்.

பூவரசம் போத்து வெட்டுறதுல நிறைய பேர் தப்பு பண்றாங்க. கட்டைவிரல் பருமன் கொம்பு கடலோர மணல்ல காய்ஞ்சு போகும். கையை மடக்கிப் பிடிச்சா பிடி நிறையணும், அந்தப் பருமன். ஏழு எட்டு அடி நீளம். அடியைச் சாய்வா, தலையை நேரா வெட்டி, தலையில சாணி அப்பி, நிழல்ல ரெண்டு நாள் போட்டு, ரெண்டு அடி ஆழம் கடப்பாறையால துளை போட்டு இறக்கி, சுத்தி மண்ணை மிதிச்சு இறுக்கணும். போத்தையே அடிச்சு இறக்கினா பட்டை உரிஞ்சு அழுகிடும். ஏழடி சொல்றதுக்குக் காரணம் ஆடு. பூவரசந் துளிர்னா ஆட்டுக்கு உயிர்; அஞ்சடிக்கு மேல துளிர்த்தாதான் தப்பும்.

உள்ள இருக்கிற இடத்துக்கு வேம்பு, புங்கை, மஞ்சணத்தி, இலந்தை, பாலை. விளையாடுற இடத்தை விட்டு ஒதுங்கி ரெண்டு மூணு உடை மரம் கட்டாயம் வையுங்க. குடை விரிச்ச மாதிரி நிக்கிற அந்த மரம் இந்தக் கரையோட சொந்த மரம். விதையைக் கொதிநீர் ஊத்தி ராத்திரி முழுக்க ஊறவச்சு, குழிக்கு நாலு விதை நேரடியாப் போடுங்க. உகாய் கிடைச்சா விடாதீங்க. மிஸ்வாக் குச்சி எடுக்குற மரம், நான் சொன்னதுலயே உப்புக்கு அதிகமா ஈடு கொடுக்குறது அதுதான். உப்புப் பூக்குற மூலையைச் சுத்தி வரப்பு போட்டு அதன் சரிவுல வையுங்க. வரப்பு உச்சியில வேண்டாம். ஈரம் மேல ஏறிக் காயும்போது உப்பு உச்சியிலதான் சேரும்.

வேண்டாததையும் சொல்லிடுறேன். குல்மோகர் காத்துல முறியும். நாவலுக்கும் மகிழத்துக்கும் இந்தத் தண்ணி ஒத்துக்காது. கோனோகார்பஸ் சீக்கிரம் பச்சை காட்டுதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க; தமிழ்நாடு அரசு 2025-ல அதை நடக் கூடாதுன்னு தடை பண்ணியாச்சு.

கன்னு வாங்கும்போது எட்டடி மரத்துக்கு ஆசைப்படாதீங்க. ரெண்டடி உயரம், தண்டு பென்சில் பருமன், அதுதான் காத்துல நிக்கும். பையோட அடியைப் பாருங்க. வேர் சுருண்டு வளையமா இருந்தா அடியில ஒரு அங்குலம் அறுத்துட்டு நடுங்க; இல்லாட்டி மூணு வருசம் கழிச்சு அந்த வளையமே மரத்தை நெரிக்கும். நாற்றங்கால்ல நல்ல தண்ணி குடிச்சு வளர்ந்த கன்னு, உங்க போர் தண்ணியைக் கண்டதும் அதிர்ச்சியாகும். நடுறதுக்கு மூணு வாரம் முன்னாடி கொண்டு வந்து, முதல் வாரம் கால் பங்கு, ரெண்டாவது வாரம் பாதின்னு போர் தண்ணியைக் கலந்து ஊத்திப் பழக்குங்க.

உவர்மண் எழுதியது:

நாற்றங்கால் சொன்னதற்கு மேல், தண்ணீரும் மண்ணும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் மீட்டர் காட்டும் 2,900ஐ அப்படியே நம்ப வேண்டாம். கை மீட்டர்கள் அளப்பது மின்கடத்துத் திறனை (இசி). அதை ஓர் எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகின்றன. மலிவான மீட்டர்கள் பலவற்றில் அந்த எண் 0.5. அப்படியானால் உங்கள் தண்ணீரின் இசி 5,800 மைக்ரோசீமென்ஸ், அதாவது டெசிசீமென்ஸ் கணக்கில் 5.8. பாசனக் கணக்கில் பழகிய 640ஆல் வகுத்தால் 4.5தான் வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேம்பின் உயிர் இருக்கிறது. ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி எடுத்துப்போய், எங்கே எப்படிப் பரிசோதிப்பது என்று அங்கே கேளுங்கள். மண்ணை 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக எடுங்கள். மேல்மண் மட்டும் கொடுத்தால் மரத்துக்குப் பயனில்லை. முடிவில் மண்ணின் இசி 1க்குள் இருந்தால் கவலை வேண்டாம். 1 முதல் 3 வரை தாங்கும் இனம் பார்த்து நட வேண்டும். 3க்கு மேல் என்றால் அந்த இடத்தில் உகாயும், உப்பு நிலத்தில் தானாக முளைக்கும் உமரிச் செடியும்தான்.

அறிக்கையைப் பார்க்காமல் ஜிப்சம் வாங்கிக் கொட்டாதீர்கள். சோடியம் ஏறிக் களி இறுகிப்போன களர் மண்ணுக்குத்தான் அது மருந்து. உங்களுடையது சிப்பிச் சுண்ணாம்பு உள்ள மணல்; சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. வெறும் உப்பை இறக்க மழைநீரே போதும்.

60 அடி போர் ஏன் உப்பாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வழி தெரிந்துவிடும். கடலோர மணலில் மழைநீர் கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல்நீர் நாற்பதில் ஒரு பங்கு கூடுதல் கனம் உள்ளது. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓர் அடி இறைத்துத் தாழ்த்தினால், காலப்போக்கில் உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதும், அதே கரையில் ஆழமாகத் துளைத்தால் உப்பு வருவதும் இதனால்தான்.

எனவே போரை விட்டுவிட்டு உறைக் கிணறு இறக்குங்கள். நான்கடி விட்டமுள்ள சிமெண்ட் உறை, 13 அல்லது 14 அடி ஆழம், மேடான மேற்குப் பக்கத்தில். கீழ் நான்கு உறைகளில் துளை போட்டு, வெளியே ஒரு சாண் கனத்துக்குச் சல்லி. அரை ஹெச்.பி. மோட்டார் போதும். 20 நிமிடம் இறைத்தால் இரண்டு மணி நேரம் ஓய்வு. அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு கூம்பாக எழுந்து கிணற்றுக்குள் வந்துவிடும். வந்தால் இறங்க ஒரு மழைக்காலம் ஆகலாம்.

அந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் உங்கள் தார் ரோட்டிலேயே இருக்கிறது. மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மி.மீ., அதில் பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில். ரோடு 9 மீட்டருக்கு 200 மீட்டர், 1,800 சதுர மீட்டர். 500 மி.மீ. மழைக்கு 9 லட்சம் லிட்டர். தெறித்தது, ஆவியானது போக 7 லட்சம் வரை இறங்கும். இப்போது இது வடகிழக்கு மூலைக்குப் போய் உப்பில் கலந்து வீணாகிறது. ரோடு முடியும் இடத்தில் ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் வண்டல் தொட்டி கட்டுங்கள். அதிலிருந்து மூன்றடி அகலம், ஓரடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, கிணற்றைச் சுற்றியும் மர வரிசைகளுக்கு நடுவிலும் மட்டம் பிடித்து ஓட்டுங்கள். சரிவாக வெட்டினால் தண்ணீர் ஓடிவிடும், மட்டமாக இருந்தால்தான் நின்று இறங்கும். வண்டல் தொட்டியைப் புரட்டாசியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை வழிக்க வேண்டும். எண்ணெயும் டயர் தூளும் வரும் முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்ப ஒரு பலகை மடை வையுங்கள்.

தாழ்ந்த மூலையில் மண் கொட்டி மேடாக்காதீர்கள். தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகும், அங்கே உப்புப் பூக்கும். உமரி முளைத்தால் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் கொக்கும் உள்ளானும் வந்து இறங்கும் இடமாக அது இருக்கட்டும்.

குழி விஷயம். இரண்டடி நீளம், அகலம், ஆழம் என்றால் 8 கன அடி. மணலில் குழி தோண்டி முழுக்கச் செம்மண்ணும் எருவும் நிரப்புவது பரவலான வழக்கம், அது தவறு. குழி தொட்டியாகிவிடும், வேர் அதற்குள்ளேயே சுற்றும், வெளி மணலுக்குள் போகாது. நாலு கன அடி அதே மணல், இரண்டு கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்), இரண்டு மக்கிய தொழுவுரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு. கரம்பை எடுக்க வட்டாட்சியர் அனுமதி வாங்க வேண்டும். வண்டியில் ஏற்றும் முன் அதன் இசியையும் பாருங்கள், கடலோரக் கண்மாய்கள் சிலவற்றில் கரம்பையே உவராக இருக்கும். கழுவாத தென்னைநார்க் கழிவும் அப்படித்தான். கரையில் ஒதுங்கும் கடற்பாசியையும் கடற்புல்லையும் மூடாக்குக்கு அள்ளி வராதீர்கள்; உப்பு ஒருபுறம், கரை மணலைப் பிடித்து வைப்பது அது என்பது மறுபுறம். மூடாக்குக்குப் பனையோலை, நான்கு அங்குலக் கனம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டை ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும்.

கடைசியாக ஒன்று. கோடை முழுவதும் உவர் தண்ணீர் ஊற்றும்போது ஈர வட்டத்தின் விளிம்பில் உப்பு வளையமாகச் சேர்ந்திருக்கும். புரட்டாசியில் முதல் தூறல் விழுந்ததும் "மழை வந்துவிட்டது" என்று தண்ணீரை நிறுத்துவார்கள். அந்தத் தூறல் வளையத்தைக் கரைத்து நேராக வேருக்குள் தள்ளும், நன்றாக இருந்த கன்று மழைக்குப் பிறகு கருகும். ஒரு கனமழை, அதாவது 50 மி.மீ. அளவில் பெய்து முடியும் வரை, தூறும் நாளிலும் வழக்கமான தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

குறுங்காடு எழுதியது:

மியாவாக்கி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், யாரும் பதில் சொல்லவில்லை. சதுர மீட்டருக்கு மூன்று கன்று வீதம் நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று காற்றைத் தடுக்கும், இரண்டு மூன்று ஆண்டில் காடாகிவிடும், பிறகு பராமரிப்பு வேண்டாம். சிறிய இடத்துக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. கடலோரம் என்பதற்காக ஒதுக்க வேண்டாம்.

உவர்மண் எழுதியது:

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 40 சென்ட் என்பது 1,620 சதுர மீட்டர். மூன்று கன்று வீதம் 4,860. முதல் இரண்டு ஆண்டு கன்றுக்கு நாளுக்கு மூன்று லிட்டர் வைத்தாலும் 14,500 லிட்டர். 5,000 லிட்டர் டிராக்டர் தொட்டியில் தினமும் மூன்று நடை. இந்தக் கரையில் அவ்வளவு நல்ல தண்ணீர் கிடைத்தால் அதைக் குடிக்கத்தான் கொடுக்க வேண்டும். போரில் எடுத்தால் உப்பு ஏறிவிடும்.

நாற்றங்கால் சொன்ன அமைப்பில் புதர் 70, போத்து 35, மரம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதருக்கு 3, போத்துக்கு 5, மரத்துக்கு 10 லிட்டர். ஒரு தடவைக்கு 785, ஏறக்குறைய 800 லிட்டர். தை முடிந்து மழை வரும் வரை நான்கு நாளுக்கு ஒரு முறை என்றால் சுமார் 60 தடவை, 48,000 லிட்டர். பத்து டிராக்டர் நடை, அதுவும் முழு ஆண்டுக்கு. உறைக் கிணறு கை கொடுத்தால் அதுவும் குறையும். இன்னொன்று: இந்தக் கரையின் இயல்பான காடு திறந்த வெளியும் முட்புதரும் தனித்து நிற்கும் குடை மரங்களும்தான். இருக்கும் ஈரத்துக்கு மேல் மரங்களை நெருக்கினால் மூன்றாம் கோடையில் அவை ஒன்றை ஒன்று உறிஞ்சிக் காயும்.

குறுங்காடு எழுதியது:

தண்ணீர்க் கணக்கு சரிதான், ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும்: வடமேற்கில், உறைக் கிணற்றை ஒட்டி 50 சதுர மீட்டரில் 100 கன்று நெருக்கி வைக்கலாம். குருவிகள் அடைய அடர்த்தியான ஓர் இடம் வேண்டும். சங்கன், இலந்தை, நொச்சி, மஞ்சணத்தி, ஆவாரை, வேம்பு போதும்.

உவர்மண் எழுதியது:

நல்ல யோசனை. 100 கன்றுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை 3 லிட்டர், கிணறு தாங்கும்.

நாற்றங்கால் எழுதியது:

காட்டுக்கருவையை ஒரே நாள்ல வழிக்காதீங்க. கெட்ட மரம்தான், ஆனா இப்ப உங்க இடத்துல காத்தைத் தடுக்கிறது அது ஒண்ணுதான். அதை எடுத்துட்டா அடுத்த கச்சான்ல ரெண்டடி மணலும் வடக்கு வீடுகளுக்குள்ள போயிடும்.

மேற்கு, தெற்கு ஓரத்துல அஞ்சு மீட்டர் பட்டையை மட்டும் விட்டுட்டு உள்ள இருக்கிறதை முதல்ல எடுங்க. முதல் மழை இறங்கின பிறகு எடுத்தா வேர் மண்ணோட வராம உருவி வரும். மேலோட வெட்டினா நாலு பங்கா துளிர்க்கும். தண்டும் வேரும் சேர்ற கழுத்து தரைக்குக் கீழ ஒரு அடி வரைக்கும் இருக்கு, அதோட பேர்த்து எடுக்கணும். விறகைக் கரிமூட்டம் போடுறவங்க எடுத்துக்குவாங்க. நெத்து இருக்கிற கொப்பை மட்டும் வேலிக்குப் போட்டுடாதீங்க, ஆடு தின்னு புழுக்கையில விதை போட்டுரும். விட்ட பட்டைக்கும் புது வரிசைக்கும் நடுவுல மூணு மீட்டர் இடம் விட்டு, பட்டை ஓரத்துல ரெண்டரை அடி ஆழம் கிடங்கு வெட்டி வேரை அறுத்து வையுங்க. இல்லாட்டி நீங்க ஊத்துற தண்ணியை அது குடிக்கும். புது வரிசை ஆளுயரம் தாண்டினதும், மூணாவது வருசம், பட்டையை எடுத்து நடைபாதை ஆக்கிக்கலாம். மண்ணுல கிடக்குற விதை வருசக்கணக்கா முளைக்கும். மழை முடிஞ்ச கையோட, நாலு விரக்கடை உயரத்துல இருக்கும்போது ஈர மண்ணுல கையாலேயே உருவிடலாம். ஒரு மழைக்காலம் விட்டா மறுபடி ஜேசிபிதான்.

ஊருணிக்கரை எழுதியது:

நடவுக்கு முன் காகிதம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 சதவீதம் பொது ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதப்பட வேண்டும். தானப் பத்திரத்தின் நகல், புல வரைபடம், ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடம் மூன்றையும் கையில் வைத்து, எல்லைக் கல்லை நில அளவையரைக் கொண்டு சரிபார்த்த பின்பே வேலி போடுங்கள். இடம் உள்ளாட்சிக்குச் சொந்தம். கிணறு இறக்கவும் மரம் வைக்கவும் எழுத்து மூலம் அனுமதியும், முடிந்தால் தீர்மானமும் வேண்டும். இல்லையென்றால் நான்கு வருடம் கழித்து அங்கே ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டும்போது கேட்க வழியிருக்காது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர், நீங்கள் வெளியே. ஆனால் அலை ஏறி இறங்கும் ஓடை பக்கத்தில் இருந்தால் அதன் கரையும் கணக்கில் வரும், பாருங்கள். எந்த நிலையிலும் கரையோர மணல்மேட்டிலிருந்து மண் எடுத்து வந்து பூங்காவை நிரவக் கூடாது. அது சட்டப்படி தடை. அந்த மேடும் அதன் மேல் படரும் அடம்பும் இராவணன் மீசையும்தான் உங்கள் 40 சென்டுக்கு முன்னால் நிற்கும் முதல் வேலி.

தண்ணீருக்கு இன்னொரு வழி. பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் உளூ செய்யும் (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும்) தண்ணீரைக் கேளுங்கள். சோப்பு கலக்காத தண்ணீர், சாக்கடையில் போகிறது. ஒருவருக்கு 3 லிட்டர் என்றாலும் நாளுக்கு 200 பேர் உளூ செய்தால் 600 லிட்டர், அதாவது உவர்மண் சொன்ன ஒரு தடவைத் தண்ணீரில் முக்கால் பங்கு தினமும். கழிவறைக் குழாயோடு சேராமல் தனிக் குழாய், நடுவில் ஒரு மணல் வடிகட்டி, அவ்வளவுதான். ஜமாஅத்தில் பேசும் முன் அந்தத் தண்ணீரின் இசியைப் பார்த்துவிடுங்கள். அங்கேயும் உவர் போர் என்றால் பயனில்லை. ஆர்.ஓ. நிலையத்தின் கழிவுத் தண்ணீரை இலவசமாகத் தருகிறேன் என்பார்கள், வாங்காதீர்கள். ஆர்.ஓ. பிரித்து எடுத்த உப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஒரு பூங்காவோடு நிறுத்திவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். லேஅவுட் வரைபடத்தை விரித்து, இந்த 40 சென்ட், அருகிலுள்ள ஊருணி, பள்ளி மைதானம், இவற்றை இணைக்கும் தெரு ஆகியவற்றைப் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். அந்தத் தெருவில் மட்டும் எட்டு மீட்டருக்கு ஒரு மரம் வைத்தால் ஓணானும் குருவியும் நிழல் தேடும் மனிதரும் ஒரே வழியில் போய் வரலாம். தெரு மரத்துக்கு நாலடிக்கு நாலடி மண் திறந்திருக்க வேண்டும். தண்டு வரை சிமெண்ட் பூசுவதுதான் நம் தெருக்களில் மரம் சாகும் முதல் காரணம். மின்கம்பி போகும் பக்கம் பெரிய மரம் வேண்டாம், எதிர்ப்பக்கம் வையுங்கள். ஊருணிக் கரையில் மரம் வைத்தால் நீர் விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி. இலை விழுந்து ஊறினால் குடிதண்ணீர் நிறம் மாறும். வரத்துக்காலில் ஒரு செடியும் வேண்டாம். வரத்துக்கால் ஊருணிக்குள் இறங்கும் சரிவில் மட்டும் வெட்டிவேர், அரை அடிக்கு ஒரு தூர், மண் அரிப்பை நிறுத்தும்.

லேஅவுட்_கீழக்கரை எழுதியது:

நாலு பேருக்கும் ரொம்ப நன்றி. பட்டையை விட்டுட்டு எடுக்கிறதுன்னு முடிவு. இன்னும் ரெண்டு சந்தேகம். பனை வைக்கலாமா? பிள்ளைங்க விளையாடப் புல்தரை கேக்குறாங்க, 300 சதுர மீட்டர் போடலாமா?

நாற்றங்கால் எழுதியது:

பனை தாராளமா வைங்க, வடக்கு ஓரத்துல பத்தடிக்கு ஒண்ணு. கன்னா வாங்காதீங்க, அது முதல்ல கிழங்கைத்தான் ஆழத்துக்கு இறக்கும், பையில வளர்த்து மாத்தினா அடி முறிஞ்சுடும். ஆவணி புரட்டாசியில விழுந்த பழத்துக் கொட்டையை, காயுறதுக்குள்ள, ஒரு அடி குழியில நேரா போட்டு மூடுங்க. மேல ஒண்ணும் தெரியாம மாசக்கணக்கா இருக்கும், செத்துடுச்சுன்னு நினைக்காதீங்க. இதுல ஒரே ஆபத்து தையில வரும்: பனங்கிழங்குன்னு யாராவது தோண்டி அவிச்சுடுவாங்க. குழி மேல முள்ளை வெட்டிப் போட்டு ஒரு கல் அடையாளம் வைங்க. குழிக்கு ரெண்டு கொட்டை போட்டா ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்.

உவர்மண் எழுதியது:

விலைக்கு வாங்கிப் பதிக்கும் புல்தரைக்குச் சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டர் வேண்டும். 300 சதுர மீட்டருக்கு 1,500 லிட்டர், மொத்த மரங்களுக்கும் நான்கு நாளில் நீங்கள் ஊற்றுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒரே நாளில். 60 சதுர மீட்டரில் அருகம்புல் போடுங்கள், உப்பைத் தாங்கும், கோடையில் காய்ந்தாலும் மழைக்குத் தளிர்க்கும். மீதி விளையாட்டு இடம் வெறும் மணலாகவே இருக்கட்டும், விழுந்தாலும் அடிபடாது. மணல் பறக்கும் தென்மேற்கு முனையில் அடம்பங்கொடியை ஒரு முழம் நீளம் வெட்டி, மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி ஐப்பசியில் புதைத்தால் ஒரு வருடத்தில் மூடிவிடும். கொடியைக் கரை மணல்மேட்டில் வெட்டாமல் வீட்டு ஓரங்களில் படர்ந்ததிலிருந்து எடுங்கள்.

நாற்றங்கால் எழுதியது:

வேலை வரிசை ஒண்ணு சொல்லிடுறேன், இது மாறினா எல்லாம் மாறும். ஆவணிக்குள்ள தண்ணி, மண் பரிசோதனையும் அனுமதிக் காகிதமும். புரட்டாசி முதல் வாரத்துல வண்டல் தொட்டி, வாய்க்கால், கிணறு. அதே நேரம் பழக்குறதுக்குக் கன்னு வந்து இறங்கணும். முதல் மழைக்கு உள்பக்கக் கருவை, வேர் அறுக்குற கிடங்கு. அதுக்கு அடுத்த நாளே குழி. 40 குழிக்குக் கரம்பையும் எருவும் தலா 80 கன அடிதான், ஒரு யூனிட்டுக்கும் (100 கன அடி) குறைவு. அப்புறம் போத்து, புதர், கடைசியா மரக்கன்னு. பனைமட்டைக்கு இப்பவே சொல்லி வைங்க. 70 மீட்டர் வேலி, ஒரு மட்டை நாலு விரக்கடை அகலம்னா மீட்டருக்கு ஆறேழு மட்டை, மொத்தம் 450 வரைக்கும் ஆகும். சித்திரைக்குள்ள வேலி நின்னுடணும்.